எழுத்தின் அளவு

அக்கா தொண்ணூற்றொன்றாம் பக்கத்தில் நிறுத்தினாள். தங்கைக்கு அது நிச்சயமாகத் தெரியும். மதியம் ஒன்றரை மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அக்காவின் கையிலிருந்து அந்த மின்புத்தகப் படிப்புக் கருவியை வாங்கி, உறையை மூடி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தவள் அவள்தான். ஏழு மணிக்கு எடுத்துத் திறந்தபோது நூற்றிரண்டாம் பக்கம் நின்றது.

"எந்திரிச்சு எடுத்தியாக்கா?"

"நானா? எந்திரிக்க முடிஞ்சா முதல்ல பாத்ரூமுக்குல்ல போவேன்."

மூடும்போது விரல் பட்டிருக்கும் என்று தங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தைப் பின்னால் திருப்பிப் பார்த்தாள். திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்து, வெளுத்து, மறுபடி நூற்றிரண்டையே காட்டியது. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா முப்பத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். படபடவென்று பேசுவாள், நடுவில் எங்கே மூச்சு விடுகிறாள் என்றே தெரியாது. இப்போது அந்த மூச்சுக்குத்தான் வந்தது வினை. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். அம்மா போனபோது தங்கைக்கு எட்டு வயது. அன்றிலிருந்து தலைவாரிவிட்டு, சோறு ஊட்டி, அவளுக்காகவே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் அதை மறந்தே போனவள் அக்கா. அவள் இல்லாத வீட்டைத் தங்கையால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அக்காவுக்குப் படிப்பு ஒன்றுதான் மிச்சம். தடித்த புத்தகத்தைத் தூக்க மணிக்கட்டில் தெம்பு இல்லை.

கடைக்காரர் முதலில் ஒரு டேப்லெட்டைத்தான் நீட்டினார். கலர் கலராக மினுக்கியது. தங்கை எழுத்தோடு பிழைப்பு நடத்துகிறவள், அந்த மினுக்கலைப் பார்த்துக்கொண்டே படித்தால் அக்காவின் கண்ணில் நீர் வடியும் என்று தெரியும். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள், ஓரத்தில் அழுத்திப் பக்கம் திருப்பப் பொத்தான் இருக்கிறதா என்று தடவினாள், விலைச் சீட்டைப் பார்த்துக் கீழே வைத்தாள். கடைசியில் அவர் அடித்தட்டிலிருந்து இதை எடுத்தார்.

"வித்தது திரும்பி வந்ததும்மா. வாங்கிட்டுப் போனவர் வீட்ல, படிச்சுட்டிருந்த அம்மா தவறிட்டாங்களாம். சார்ஜ் போடுற ஓட்டை மட்டும் கொஞ்சம் லூசு, வயரை லேசா தூக்கி வச்சாப் போதும். மத்தபடி தங்கம். திரை பேப்பர் மாதிரி, கண்ணு உறுத்தாது. இன்னொண்ணு, சார்ஜ் சுத்தமா தீந்து செத்துப் போனாலும் கடைசியா இருந்த பக்கம் அப்படியே நிக்கும். அழியவே அழியாது."

உள்ளே ஒரே ஒரு நாவல் இருந்தது. தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. வேறு நல்லதாக நாலு புத்தகம் ஏற்றித் தருகிறேன் என்று தங்கை சொன்னதற்கு அக்கா மசியவில்லை.

"இது இருக்கட்டும்டி. ஒருத்தி கட்டில்ல கெடக்கா, தங்கச்சி பாத்துக்குறா. வேற ஒண்ணுமே நடக்கல. ஆனா கீழ வைக்கவும் மனசு வரல."

இரண்டு நாள் கழித்து ஒரு மதியம், தங்கை கருவியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தாள். மருந்து நெடியும், ஈரத் துண்டின் வாடையும், ஜன்னல் வழியாக வந்த வெயிலில் காய்ந்த தூசியின் வாசமும் அறையில் கலந்து கிடந்தன. குளியலறைக் குழாய் சொட்டுவதும், அக்காவின் மூச்சு மரப்பெட்டியைத் தரையில் இழுப்பதுபோல் உள்ளே போய் வெளியே வருவதும் தவிர வேறு சத்தமில்லை. நூற்றுத் தொண்ணூறாம் பக்கம். அவள் விரல்கூட வைக்கவில்லை. மூன்று மணிக்குத் திரை கறுத்தது. அதே கணத்தில் அக்காவின் மூச்சு தடைப்பட்டது. திரை வெளுத்தது. மூச்சு திரும்பியது. நூற்றுத் தொண்ணூற்றொன்று.

மூன்றரைக்கு மறுபடியும். நாலு மணிக்கு மறுபடியும்.

திரையில் இருந்ததை அவள் அப்போதுதான் வாசித்தாள். தங்கை கருவியை மடியில் வைத்துக் காத்திருந்தாள், ஜன்னல் திரைச்சீலையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது என்று எழுதியிருந்தது. தலையைத் தூக்க அவளுக்குப் பயமாக இருந்தது. தூக்கினாள். நூல் தொங்கியது.

மொத்தம் முந்நூற்று நாற்பது பக்கம். அரை மணிக்கு ஒன்று. மூன்று நாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்தச் சனியனைச் சுவரில் அடித்திருப்பார்கள், அல்லது மருத்துவருக்குப் போன் போட்டிருப்பார்கள். ஆனால் தங்கை ஒரு பதிப்பகத்தில் பக்கம் வடிவமைப்பவள். அங்கே அவளுக்குப் பெயரே ரப்பர். பதினாறு பதினாறு பக்கமாகத்தான் தாள் அச்சாகும், அதற்குத் தகுந்தபடி எந்தக் கையெழுத்துப் பிரதியையும் சுருக்குவாள், இழுப்பாள். எழுத்தை இம்மி பெரிதாக்குவாள், வரிக்கு வரி மயிரிழை இடைவெளி கூட்டுவாள், ஓரத்தை அகலமாக்குவாள். நூற்றுப் பன்னிரண்டு பக்கம் நூற்று இருபத்தெட்டாகிவிடும். எழுதியவருக்கே தெரியாது. இருபது வருஷமாக விரலில் ஊறிய வேலை.

அமைப்புகளைத் திறந்து எழுத்தை ஒரு படி பெரிதாக்கினாள்.

முந்நூற்று நாற்பது, ஐந்நூற்றுப் பத்தானது. ஒன்றரை நாள் கூடுதல். அக்காவைப் பார்த்தாள். மூச்சு நிதானப்பட்டிருந்தது. நெற்றிச் சுருக்கம்கூட இல்லை. சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

மறுநாள் வரி இடைவெளியைக் கூட்டினாள். அக்காவின் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே எழுந்துபோய் ஒரு டம்ளர் கழுவி வைக்கலாம் போலிருந்தது. அதற்கடுத்த நாள் ஓரங்களை அகலமாக்கினாள். அன்று அக்கா கட்டிலின் நட்டநடுவில் ஒடுங்கிப் படுத்திருந்தாள். தலைமாட்டு ஸ்டூலில் இருந்த தண்ணீரைப் பார்த்தாளே தவிரக் கை நீளவில்லை.

"ஓரத்துக்கு... வரமாட்டேங்குதுடி... கை."

படபடவென்று பேசுகிறவள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, தூரத்தூரத்தில் நின்றது. தங்கை டம்ளரை எடுத்து வாயருகே பிடித்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். அந்த ஒரு பேச்சு முடிவதற்குள் ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

"நீ பண்றது... அதுல... போட்டிருக்கு... படிச்சேன்... சின்னதாக்கிடுடி... ரப்பர்... ரெண்டு நாளோ... மூணு நாளோ... நான்... நானா இருந்துட்டு... போறேன்."

"பேசாம படுக்கா. நாளைக்குப் பாக்கலாம்."

தங்கைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னாள். இழுத்துப் பரப்பினால் பக்கம் கூடும், விஷயம் கூடாது. அவள் தொழிலின் முதல் பாடமே அதுதான். அக்காவிடம் இருந்தது அதே மூன்று நாளின் மிச்சம்தான். அதைத்தான் அவள் மெல்லிசாக, இன்னும் மெல்லிசாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. அக்கா இருக்கிறாள், கண் திறந்திருக்கிறது, கை சூடாக இருக்கிறது, அது போதாதா என்று தோன்றியது. அன்று சாயங்காலமே எழுத்தை அதன் கடைசி அளவுக்குக் கொண்டுபோனாள்.

ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து. மீதம் எண்பத்து நாலாயிரம் பக்கம்.

கணக்குப் போட்டாள். ஐந்து வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் நின்ற அந்த எண் அரை மணிக்கு ஒன்றாகக் குறைவதைப் பார்க்கப் பொறுக்காமல், அடிவரியை மறைத்து வைக்கும் வசதியைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். எண் போனது. பக்கத்தில் இருந்த பேட்டரிக் குறியும் அதோடு போனது.

அடுத்த நாள் அக்கா தண்ணீர் கேட்டாள்.

முதல் எழுத்து திரையில் வந்தபோதே தங்கை டம்ளரோடு ஓடினாள். அக்காவின் நாக்கு பல்லுக்கு நடுவே நின்றது. வாய் அந்த எழுத்தின் வடிவத்திலேயே திறந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்தது. கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. அந்தச் சொல் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் கண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு, அது கன்னத்தில் இறங்கக் காலை முழுக்கப் பிடித்தது.

அன்று அவள் சாப்பிடவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்து, தாகம் எத்தனை நேரம் அக்காவுக்குள் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

விடிந்தது. அக்காவின் உதடு பிரிந்தது. தொண்டையிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று புறப்பட்டது.

திரை கறுத்து வெளுத்தது.

வி.

அடுத்த எழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்தபோதெல்லாம், அக்கா இதே சொல்லைத்தான் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். விட்டுடுடி.

தங்கை எழுந்தாள். அக்காவின் நெற்றியில் நெற்றியை வைத்தாள்.

"சரிக்கா. விட்டுடறேன்."

எழுத்தைச் சிறிதாக்கும் குறியை அமுக்கினாள்.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி அமுக்கினாள். ஓரப் பொத்தானை அமுக்கினாள். அரை மணி போனது. திரை கறுக்கவில்லை. ஒரு மணி நேரம் போனது. அதே எழுத்து. அப்போதுதான் பேட்டரி நினைவுக்கு வந்தது. வயரைச் செருகினாள். தூக்கிப் பிடித்தாள், அழுத்திப் பிடித்தாள், திருகினாள். ஓட்டைக்குள் ஏதோ சின்னதாக முறிந்தது. தீய்ந்த வாடை.

ரீங்காரம் நிற்கவில்லை.

கதவைக்கூடப் பூட்டாமல் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டே போயிடுச்சும்மா. இது கதை முடிஞ்சுது. ஆனா பாருங்க, நான் சொன்னேன்ல, எழுத்து எப்படி நிக்குதுன்னு. பத்து வருஷம் ஆனாலும் நிக்கும்."

வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியிலேயே கேட்டது. அறைக்குள் போனாள். அக்காவின் நெஞ்சு உயர்ந்தபடியே இருந்தது, இறங்கவில்லை. மூச்சு இல்லை. ஆனால் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கை சூடாக இருந்தது. கண் அவளையே பார்த்தது. அவள் நகர்ந்தாலும் அது நகரவில்லை, அவள் முன்பு நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

கருவியை இரண்டு கையாலும் ஓங்கித் தரையில் அடித்தாள்.

திரையில் குறுக்காக ஒரு விரிசல். எழுத்து அழியவில்லை. நிமிர்ந்தாள். அக்காவின் மேலுதட்டில் தொடங்கிக் கன்னம் வழியாகக் காதுவரை ஒரு மெல்லிய கோடு. ரத்தம் இல்லை. கண் இமைக்கவில்லை. சத்தம் இப்போது கொஞ்சம் கரகரத்தது.

மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"ஏம்மா, ஏதாவது மோட்டாரை அணைக்காம விட்டுட்டீங்களா? ராப்பகலா ஒரே ஓசையா இருக்கு."

"இதோ அணைச்சிடறேங்க," என்றாள் தங்கை.

கதவைச் சாத்திவிட்டு வந்து, அக்காவின் கண் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அந்த இடத்தில் யாராவது இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மடியில் விரிசல் விட்ட திரை. அதில் ஒரே ஓர் எழுத்து. எதிரே, அதே எழுத்தில் திறந்த வாய்.