வெள்ளை வரிசையின் கடைசிக் கல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், தங்கங்களா. கடல் ராயபுரத்துக்குள் வந்த பிறகு நடந்த கதை ஒன்று சொல்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின காலை, மதலேன் கிழவி வழக்கம்போல் வாளியில் சுண்ணாம்பு கரைத்து, இறந்துபோன கணவர் சந்தியாகுவின் கல்லறைக் கல்லுக்கு அடித்தாள். விக்டோரியா ராணி காலத்துக் கல்லறைத் தோட்டம் அது. காய்ச்சலில் செத்த துரைமார்கள், அவர்கள் குழந்தைகள், எல்லோரும் முன்பே தோண்டி எடுக்கப்பட்டுப் போய்விட்டார்கள்; மேலே நின்ற பளிங்குத் தேவதைகள் கடலைத் தடுக்கும் சுவருக்குள் கற்களோடு கற்களாகக் கிடக்கின்றன. உயிரோடிருப்பவர்களுக்கே நிலம் போதாததால், எலும்புகளை எடுத்து அடுக்குமாடத்தில் வைப்பது சட்டமாகிவிட்டது. போர்க்கல்லறைகளை மட்டும் யாரும் தொடக்கூடாது என்பது நாடுகளுக்குள் ஒப்பந்தம். ஆகவே மிஞ்சியது உலகப் போர்களில் இறந்த சிப்பாய்களின் வெள்ளைக்கல் வரிசையும், அதன் தோட்டக்காரராக இருந்து, ஆசைப்பட்டுக் கேட்டு அதன் கடைசியில் படுத்த சந்தியாகுவும்தான். அவரை எடுக்கும் முறை அந்த மாதம்.

மாலையில் எண்ணிப்பறவை, அதாவது போர்க்கல்லறைகளை எண்ணும் டிரோன், மேலே சுற்றியது. அதற்குத் தெரிந்தது வெள்ளையும் வரிசையும்தான். சந்தியாகுவையும் சிப்பாயாக எண்ணிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் பறவை எண்ணிய கற்களில் எண்வில்லை பதிக்க வந்த அரசு ஊழியப் பெண் நிலோஃபர், கல்லில் இருந்த பெயரைப் படித்தாள்.

“ஆயா, இவரு எந்தச் சண்டைக்குப் போனாரு?”

“என்னோட போட்டதுதான்.”

நிலோஃபர் சிரித்துவிட்டாள். தான் வாயைத் திறக்கப்போவதில்லை, இனி அவரை யாரும் அசைக்க முடியாது என்றாள். மதலேன் கைகூப்பினாள். பிறகுதான், தான் செத்தால் தன்னையும் அவரோடு வைக்கக் குடும்ப வழக்கப்படி இதே குழியைத் திறப்பார்கள்தானே என்று கேட்டாள்.

நிலோஃபரின் முகம் வாடியது. போர்க்கல்லறையை யாருக்காகவும் திறக்கமாட்டார்கள். தவறைத் திருத்தினால் அவர் மாடத்துக்குப் போவார். அங்கே இருவருக்கும் ஒரே அறை கிடைக்கும். பறவை மறுபடி வரும்வரை யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

மதலேனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வரிசை நெடுக நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். ஒவ்வொரு சிப்பாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் அந்தக் காலத்தில் சந்தியாகு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

அவருடைய களைக்கொத்தை எடுத்துவந்து சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினாள். நிலோஃபர் திரும்பி வந்தபோது மதலேனுக்கு மூச்சு வாங்கியது.

“ஆயுசு பூரா இந்தப் பசங்களப் பாத்துக்கினாரு, போதும். இனிமே என்னப் பாக்கட்டும்.”

கருங்கல் தெரிந்தது. பறவை வந்தது, ஒன்றைக் குறைத்துக்கொண்டு போனது.

இன்று மாடத்தில் இருவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். வெள்ளை வரிசையில் புல் முழங்கால் உயரம். அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

உங்கள் வீட்டில் யாரும் தனியாகப் படுக்காதிருக்கட்டும், கண்ணுகளா. கூப்பிட்டால் ‘என்ன’ என்று கேட்க, பக்கத்தில் ஒரு குரல் எப்போதும் இருக்கட்டும்.