கொடி ஏறும் பந்தல்

அக்காள் ஆஸ்பத்திரிப் பவுடரைப் பாலில் கலக்கும்போது கரண்டி கிண்ணத்தில் இடித்தது. உடனே உள்ளறையில் தம்பியின் வயிறு இரைந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை.

வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு அவனிடம் ஒரு கேலி தயாராக இருக்கும். அவள் சமையலுக்கு இந்த மூக்குக் குழாய்ச் சாப்பாடே தேவலை என்பான். காத்திருந்தாள். கேட்டது வயிறாக இருக்காது, தண்ணீர்க் குழாய் சொட்டியிருக்கும் என்று திருகிப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. தன் காதைச் சட்டென்று நம்புகிற ஆள் அல்ல அவள்.

விபத்தில் அவன் குடல் பாதிக்கு மேல் நசுங்கிப் போயிருந்தது. டாக்டர் ஒரு பன்றியின் குடலை எடுத்து, அதன் உயிரணுக்களையெல்லாம் கழுவி நீக்கி, வெள்ளை வலையாக மிஞ்சியதை அவனுக்குள் வைத்துத் தைத்தார். இது வெறும் பந்தல், கொடி உங்கள் தம்பியுடையது, மெல்ல ஏறிப் படர்ந்துகொள்ளும் என்று அவளுக்கு விளக்கினார். தம்பியின் வாய் அப்போதும் சும்மா இருக்கவில்லை.

"கொடிக்கு எங்க நிக்கணும்னு தெரியுமா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து, வயிற்றின் நான்கு மூலையிலும் வைத்துக் கேட்கச் சொன்னாள். சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டுமாம். முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு சாயங்காலம், யாரோ ஈரத் துணியை முறுக்குவதுபோல மெல்லிய ஓசை. அன்று அவள் அழுதே விட்டாள். அதன்பின் அந்த ஓசையைக் கேட்காமல் அவள் தூங்கியதில்லை. அவன் தோள்கள் வற்றி வயிறு மட்டும் மெத்தென்று ஆனதைப் பார்த்தாள். சத்தம் நன்றாக இருந்ததால் தேறுகிறான் என்றே நினைத்தாள். நேற்று அவன், "அக்கா, சாப்பிடறது நான் இல்லக்கா" என்றபோதும் கேலி என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

கிண்ணத்தோடு உள்ளே போனாள். சாயும் வெயில் திரைச்சீலையில் மங்கிக்கொண்டிருக்க, மருந்து நெடிக்கு அடியில் புளித்த பால் வாடையும் ஈர மண் வாடையும் கலந்து வர, கண்மூடிக் கிடந்தவனின் சட்டையை விலக்கி, ஸ்டெதஸ்கோப்பின் வட்டை வயிற்றில் வைத்துக் கேட்டாள். நான்கு மூலையிலும் சத்தம். முன்னெப்போதையும்விடப் பலமாக. ஓயாமல்.

"நல்லா வேலை செய்யுதுடா," என்றாள்.

அவன் கையைப் பிடித்தாள்.

சில்லென்றிருந்தது.

வயிறு மட்டும் வெதுவெதுப்பாக.

வட்டை நெஞ்சுக்கு நகர்த்தினாள். அங்கே வைத்துப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கேட்டாள். ஒன்றுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி கேட்டாள். ஒன்றுமில்லை.

பிறகு, அடியிலிருந்து, ஈரத் துணி முறுக்கும் ஓசை.

ஏறிக்கொண்டிருந்தது. விலாவைத் தாண்டி. இன்னும் மேலே.

போன் மேஜைமேல்தான் இருந்தது. யாரையாவது கூப்பிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வயிறு இரைந்தது. அவனிடம் மிச்சமிருந்த குரல் அது ஒன்றுதான்.

மூக்குக் குழாயில் சிரிஞ்சைப் பொருத்திப் பாலை ஊற்றினாள். எப்போதும் உயர்த்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இன்று வேண்டியிருக்கவில்லை. பால் விறுவிறுவென்று இறங்கியது. உள்ளே எதுவோ இழுத்தது.

கிண்ணம் காலி.

"இருடா," என்றாள், அவன் நெற்றி முடியை ஒதுக்கி. "இன்னும் கலக்கிக் கொண்டு வரேன்."

சமையலறையில் கரண்டி கிண்ணத்தில் இடித்தது.

உள்ளறை பதில் சொன்னது. இந்தமுறை வயிற்றிலிருந்து அல்ல. தொண்டையிலிருந்து.