எட்டரை ஸ்டோன்

1911 ஜனவரி, செவ்வாய்க்கிழமை. காலை மணி 6.10.

லண்டன் சரக்கு ரயில் நிலையத்தில் இறைச்சி வண்டியின் அடியில் ரத்தம் சொட்டியதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு பன்றிக்கறிக் கூடையின் இடுக்கில் கூந்தல் தெரிந்தது. பன்றிக்கு ஏது கூந்தல்? மூடியைத் திறந்த கூலியாள் கத்திக்கொண்டே போலீஸைத் தேடி ஓடினான்.

உள்ளே கிடந்தவள் லாட்டி பிரீம். வயது இருபத்திரண்டு. கசாப்புக்கடைக்காரர் சைலஸ் கிராடக் வீட்டில் வேலை செய்தவள். தலையில் பலத்த அடி, கழுத்தில் விரல் தடம். முந்தின நாள் மாலை அந்தக் கூடையைக் கடையிலிருந்து தோளில் சுமந்து வந்தவன் கிராடக்கின் சுமையாள் ஜெம் பர்விஸ். வருகிற ஈஸ்டருக்கு அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவனும் அவன்தான்.

எட்டு மணிக்குள் ஜெம் கம்பிக்குப் பின்னால் இருந்தான். சார்ஜென்ட் டிப்பெட் அவனைத் தராசில் ஏற்றிக் கைதிப் பதிவேட்டில் எழுதினார்: நூற்று ஐம்பத்து நான்கு பவுண்டு, அதாவது பதினோரு ஸ்டோன்.

"ஞாயித்துக்கிழமை அவளோட தெருவுல கத்திச் சண்டை போட்டியாமே?" என்றார் இன்ஸ்பெக்டர் ஹோல்ராய்ட். யார்க்‌ஷயர்க்காரர். லண்டனுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

"போட்டேன் ஐயா. அந்த வீட்டு வேலையை உடனே விடுன்னேன். ஈஸ்டர் வரைக்கும் பொறுன்னா."

"கூடையைத் திறந்து பார்த்தியா?"

"முதலாளியே கயிறு போட்டுக் கட்டிக் குடுத்தாரு. பன்னின்னாரு. நான் தூக்கினேன்."

"நல்லா கதை விடுறே," என்றார் டிப்பெட். "ரெண்டு மணிக்கு நீதிபதி முன்னாடி சொல்லு. கயிறு தயாரா இருக்கு."

ஹோல்ராய்டுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. ஜெம் கூடையிலிருந்து பன்றியை எடுத்துவிட்டு அவளை வைத்தான் என்றால் அந்தப் பன்றி எங்கே? ரயில் நிலையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒரு குளம்புகூடக் கிடைக்கவில்லை.

மணி 10.30. கிராடக் முப்பது வருஷமாக நடத்தும் கடை இறைச்சிச் சந்தையை ஒட்டி இருந்தது. பெருத்த மனிதர், துக்கத்துக்குக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். அதற்காக வியாபாரத்தை நிறுத்தவில்லை. ஓர் ஓட்டல்காரருக்கு ஆட்டிறைச்சியை நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்து நாலு பவுண்டு. எட்டு ஸ்டோன், எடுத்துட்டுப் போங்க. வாங்க இன்ஸ்பெக்டரய்யா. பாவம் அந்தப் பொண்ணு. என் மகளாட்டம் இருந்தா."

"நேத்து அனுப்பின கூடையைப் பத்திச் சொல்லுங்க."

"நானே பன்னியை வச்சுக் கட்டினேன். மணி ஆறு இருக்கும். அந்தப் பாவி ஜெம் தூக்கிட்டுப் போனான்."

ஹோல்ராய்ட் ரயில்வே சீட்டைப் பார்த்துப் படித்தார். "ஸ்டேஷன் தராசுல, கூடையைக் கழிச்சு, நூத்துப் பத்தொன்பது பவுண்டு. அது உங்க பன்னிதானா?"

"எட்டரை ஸ்டோன். அதேதான் ஐயா. இங்கேயும் அவ்வளவுதான் இருந்துச்சு. தராசைத் தாண்டி வண்டியில ஏத்துறப்பத்தான் மாத்தியிருக்கான்."

கூட வந்திருந்த டிப்பெட் வெற்றியோடு மீசையைத் தடவினார். ஹோல்ராய்ட் சீட்டை மடிக்கவில்லை. கொக்கியில் தொங்கிய பன்றியைக் காட்டினார்.

"இது எவ்வளவு?"

"தொண்ணூத்தாறு பவுண்டு. பன்னெண்டு ஸ்டோன்."

"பக்கத்துல தொங்குற அந்தக் கன்னுக்குட்டி?"

"நூத்துப் பன்னெண்டு. பதினாலு ஸ்டோன். ஏன், வாங்கப் போறீங்களா?"

"இல்லே. ஊருக்குப் புதுசு, கணக்குப் புரியலே. நூத்துப் பன்னெண்டு பவுண்டு கன்னுக்குட்டி பதினாலு ஸ்டோன். அதைவிட ஏழு பவுண்டு கூடுதலா இருந்த பன்னி வெறும் எட்டரையா?"

கிராடக் ஹோல்ராய்டின் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்தார்.

"எங்க ஊருல ஸ்டோன்னா பதினாலு பவுண்டுதான்," என்றார் ஹோல்ராய்ட். "இந்தச் சந்தையில கறிக்கு எட்டு பவுண்டுதான் ஒரு ஸ்டோன், இல்லையா? பன்னின்னா பதினாலு ஸ்டோன் ஏழு பவுண்டுன்னு தூக்கத்துலகூடச் சொல்லியிருப்பீங்க. இங்கே பதினாலால வகுக்கிறது மனுஷனை நிறுத்தாத்தான். நான் பவுண்டைச் சொன்னதும் உங்க மனசு பன்னியை நிறுக்கலே. லாட்டியை நிறுத்துச்சு. கொன்னது நீங்க, கிராடக்."

"வாய் தவறிடுச்சுய்யா!"

"முப்பது வருஷமாத் தவறாத வாயா? டிப்பெட், நிலவறையைப் பாருங்க."

கொழுப்புப் பீப்பாயின் அடியில் லாட்டியின் ஒற்றைச் செருப்பும் தொப்பியும் கிடைத்தன. கூடையில் போயிருக்க வேண்டிய பன்றி ரயிலுக்கான விலாசச் சீட்டு கட்டியபடி மூலையில் தொங்கியது. அதன் பிறகு கிராடக் மறுக்கவில்லை.

"போறேன்னா. கல்யாணம்னா. ஆறு வருஷம் என் வீட்டுச் சோத்தைத் தின்னவ," என்றார். அதை நியாயம் என்றே அவர் நம்பினார்.

மணி 1.20. ஜெம்மை விடுவித்தார்கள். கழற்றி வைத்த பெல்ட்டைக் கையில் வாங்கியும் அவன் கட்டிக்கொள்ளவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். வழியெல்லாம் அந்தக் கூடையைத் திட்டிக்கிட்டே போனேன். ஒரு தடவை கீழே தொப்புனு போட்டேன். அப்போ அவ..."

பெல்ட்டைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினான்.

பத்து நிமிடம் முன்புதான் டாக்டரின் அறிக்கை ஹோல்ராய்டின் மேசைக்கு வந்திருந்தது. நகங்களுக்குள் கூடைப் பிரம்பின் சிராய்கள். மூடி கட்டப்பட்டபோது உயிர் இருந்திருக்கிறது. நினைவு திரும்பியும் இருக்கிறது. வியாழக்கிழமை மரண விசாரணையில் டாக்டர் அதை எல்லோர் முன்னாலும் படிப்பார். இவனும் அங்கே சாட்சியாக உட்கார்ந்திருப்பான்.

"இல்லேப்பா," என்றார் ஹோல்ராய்ட். "கடையிலேயே எல்லாம் முடிஞ்சிடுச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஜெம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அது நிம்மதியில் வந்த அழுகை. அதைப் பார்க்க முடியாமல் ஹோல்ராய்ட் ஜன்னல் பக்கம் திரும்பினார். வியாழனுக்கு இன்னும் இரண்டு இரவு இருந்தது. அந்த இரண்டு இரவாவது அவன் தூங்கட்டும்.