பலிக்காத வசன அட்டை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வாக்குக்கணி பொன்சிங்குக்குக் கொடுத்த அட்டையில், எசேக்கியா ராஜாவுக்குத் தீர்க்கதரிசி கொண்டுவந்த செய்தி இருந்தது. வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய்.

கிருபைநகர் சபையில் ஒவ்வொரு புத்தாண்டிலும் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பார்கள். அதுதான் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். முன்பெல்லாம் துணிப்பைக்குள் கையைவிட்டு எடுத்தார்கள். எண்பது வயதுக்காரருக்குப் பிள்ளைப்பேறு வாக்களிக்கப்படும். சபைக் கமிட்டித் தலைவர் பொன்சிங்குக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அவர்தான் வாக்குக்கணி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அது ஒருவருடைய மணிக்கட்டு நாடிவளை, வீட்டு இயந்திரங்கள், வானிலை எல்லாவற்றின் பதிவுகளையும் வாசிக்கும். அவர் இப்படியே வாழ்ந்தால் வருகிற வருடத்தில் எழுத்துக்கு எழுத்து நடக்கப்போகிற வசனம் எதுவோ, அதை வேதத்திலிருந்து தேடிக் கொடுக்கும்.

இதுவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. தண்ணீர்களைக் கடப்பாய் என்று வாங்கிய டெய்சிக்கு மாடித் தொட்டி உடைந்து கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். வழுக்கை விழுந்த பாடகர் குழுத் தலைவருக்கு, உன் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று வந்தது. முடி நடும் மருத்துவமனையில் உண்மையாகவே எண்ணினார்கள்.

"எழுத்தின்படி உண்மைன்னு நிரூபிச்சாச்சு" என்பார் பொன்சிங்.

"வேதம் உண்மைதான் அத்தான். ஆனா அது பஸ் டைம்டேபிள் இல்ல" என்பாள் அவர் மனைவியின் தங்கை கிரேஸ்லின். ஞாயிறு பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக இந்த வழக்கு நடக்கிறது.

இப்போது அட்டையை வாங்கிப் பார்த்த அவள் முகம் வெளுத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப என்ன சொல்லுதீங்க? எழுத்தின்படியா, உவமையா?"

உவமை என்று சொன்னால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கலாம். சபையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுத்தின்படிதான்" என்றார் பொன்சிங். அட்டையை அவளிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஒழுங்குபடுத்து என்றிருந்ததால் ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். ஒழுகுகிற கூரையைச் சரிசெய்தார். வேலிச் சண்டையில் பதினொரு வருடம் பேசாதிருந்த தம்பியைத் தேடிப் போனார். தம்பி முதலில் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். அதன்பிறகு தினமும் மூன்று மைல் நடந்து அங்கே போவது பழக்கமாயிற்று. பொன்சிங் தினமும் விரும்பித் தின்கிற வடை தம்பி வீட்டில் கிடையாது, கம்பங்கூழ்தான். உயில் எழுதப் போன இடத்தில் உடல்நலச் சான்று கேட்டார்கள். சோதித்த மருத்துவர் இருதயக் குழாயில் அடைப்பைக் கண்டார்.

"நல்ல வேளை வந்தீங்க. இப்படியே விட்டிருந்தா ஆவணியத் தாண்டியிருக்க மாட்டீங்க" என்று சொல்லி, ரத்தத்துக்குள் ஒரு நுண்ணூர்தியை அனுப்பி அடைப்பை நீக்கினார்.

டிசம்பர் கடைசி நாள் காலை. பொன்சிங் உயிரோடு, எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார்.

"வசனம் தப்பிப்போச்சு, கிரேஸ்லின். அதுவும் என்னால."

"தான் சொன்னபடி நினிவே பட்டணம் அழியலையேன்னு யோனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாருல்லா, அதே மூஞ்சி."

"அது வேற."

"அந்த எசேக்கியாவும்தான் சாகலை. அழுது ஜெபம்பண்ணி, பதினஞ்சு வருஷம் கூடக் கிடைச்சுது. உங்களுக்குத் தெரியாததா?" அவள் சிரித்தாள். "டெய்சி அக்கா தண்ணி வசனத்த வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டினாங்க. ஒருநாளாவது மாடியேறித் தொட்டியப் பாத்தாங்களா? இந்தச் சபையிலேயே சொன்னத சொன்னபடி செஞ்சது நீங்க ஒருத்தர்தான். பலிக்காம போனதும் உங்களுக்கு மட்டும்தான்."

பொன்சிங் எழுந்து தம்பி வீட்டுக்கு நடக்கக் கிளம்பினார்.

மறுநாள் கோயில் வாசலில் வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எல்லோரும் எசேக்கியாவின் வசனத்துக்காக ஏங்கினார்கள். எப்பொழுதும் சந்தோஷமாயிரு என்ற அட்டையை வாங்கிய டெய்சி, "எனக்குன்னு வருது பாரு" என்று சலித்துக்கொண்டே போனார்.

பொன்சிங்குக்கு வந்தது, நீடித்த நாட்களால் உன்னைத் திருப்தியாக்குவேன் என்ற வசனம்.

அவர் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு முழுதாக மலர்ந்தது. பக்கத்து மேசையில் சபையார் காலை உணவுக்கு உளுந்த வடை அடுக்கியிருந்தார்கள். கை தானாக நீண்டது.

"அத்தான்."

"சும்மாரு. நீடித்த நாள்னு போட்டிருக்கு. எழுத்தின்படி."

ஒரு வடை உள்ளே போயிற்று. இரண்டாவதை எடுத்தவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மீண்டும் தட்டில் வைத்துவிட்டு விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"போன வருஷத்து அட்ட உன் பைபிளுக்குள்ளதானே இருக்கு?"

"ஆமா. ஏன்?"

"அதக் குடு." வாங்கிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். புது அட்டையை அவள் கையில் திணித்தார். "இத நீ வச்சுக்க. என் கண்ணுல காட்டாத."