என் வாசனையில் இன்னொருத்தி

எனக்கு மூக்கு செத்துப்போய்விட்டது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது வாசனையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. கேக் கடையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கருகுவதே தெரியவில்லை என்று ஓர் ஓரமாக அட்டைப்பெட்டி மடிக்க உட்கார வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அதற்கு முன்பே கண் போயிருந்தது. வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு ஃபோனில் புகார் கேட்கிற வேலை அவருக்கு. ஊரார் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்பார், என் புகாரைத் தவிர. அவர் எனக்கு மூக்கு, நான் அவருக்குக் கண். இப்படித்தான் எங்கள் குடித்தனம் ஓடியது.

அந்த மாடி வீட்டுக்கு ஒரு மழைநாள் காலையில் குடிபோனோம். குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்ன அலமாரியைத் துடைக்கும்போது ஒரு கறுப்பு சென்ட் பாட்டில் கையில் தட்டுப்பட்டது. முக்கால்வாசி அப்படியே இருந்தது. முன்பு இருந்தவர்கள் மறந்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மணிக்கட்டில் கொஞ்சம் அடித்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ஏங்க, எப்படி இருக்கு?"

"அடேயப்பா! சர்க்கரைப் பாகு காய்ச்சறப்ப லேசா கருக விட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் வெனிலா. அதுக்குப் பின்னாடி ஒரு புகை. கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்குடி." அவர் என் கையை விடவே இல்லை. "தினம் இதையே போடு. நீ எந்த ரூம்ல இருக்கன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. கண் தெரியாதவரும் மூக்கு வேலை செய்யாதவளும் சேர்ந்து, யாருடையது என்றே தெரியாத ஒரு வாசனையை எனக்கு அடையாளமாக வைத்துக்கொண்டோம்.

முதலில் சின்னச் சின்னச் சண்டைகள்தான்.

"கூப்பிட்டா வாயைத் திறக்க மாட்டியா? கதவுகிட்டயே நின்னுட்டு என்ன ஊமை வேஷம்?"

"நான் மொட்டை மாடில துணி காயப்போட்டுட்டு இருந்தேங்க."

"வாசனை அடிச்சுதே!"

"அப்ப அந்த வாசனைகிட்டயே பேசிக்கோங்க!"

எரிச்சலில் சொல்லிவிட்டேன். அவர் நிஜமாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் வேலை முடிந்து படியேறும்போதே அவர் சிரிப்பது கேட்டது. என்னோடு அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தேன். சாய்வு நாற்காலியில் அவர் மட்டும் இருந்தார். பக்கத்து நாற்காலி அவரை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"யார்கூடப் பேசிட்டு இருந்தீங்க?"

"உன்கூடத்தான்."

"நான் இப்பதாங்க வரேன். இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல."

அவர் முகம் வெளுத்தது.

"அப்ப இவ்வளவு நேரம் என் கையைப் பிடிச்சிட்டு இருந்தது?"

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பரண்மேல் பார்த்தேன். பீரோவைத் திறந்து துணிகளை வாரி வெளியே போட்டேன். பிறகு அந்தக் காலி நாற்காலியின் மெத்தையில் முகத்தைப் புதைத்து நாய் மாதிரி மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு எப்போதும்போல ஒன்றும் இல்லை. அழுகை அழுகையாக வந்தது. திருடி என்றால் கண்ணால் பிடித்துவிடலாம், இவளை மூக்கால்தான் பிடிக்க வேண்டும். என் புருஷனை என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தி பறித்துக்கொண்டிருக்கிறாள், அவள் வந்தாளா போனாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். முன்பு இருந்தவர்கள் ஒரு சென்ட் பாட்டிலை விட்டுவிட்டார்கள், அந்தப் பெண்ணின் நம்பர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அதோட வீட்டுக்காரரு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினதைப் பாத்தேன்மா."

"அந்தப் பொண்ணு?"

"அது கிளம்பினதை நான் பாக்கல."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே வந்ததும் முதல் வேலையாக அந்த சென்ட் முழுவதையும் வாஷ்பேசினில் கொட்டினேன். தோல் எரியும் வரை சோப்பு போட்டுக் குளித்தேன். இருந்த துணிகளையெல்லாம் துவைத்துப் போட்டேன். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"நல்லா கேட்டுக்கோங்க. இனிமே நான் எந்த சென்ட்டும் போட மாட்டேன். உள்ள வந்ததும் என் மோதிரத்தால ரெண்டு தட்டு தட்டுவேன். தட்டினா நான். வாசனை அடிச்சா அது நான் இல்ல. என்ன குரல் கேட்டாலும் நம்பாதீங்க, கிட்ட விடாதீங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவர் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. யாரையோ ரயிலேற்றிவிட்டு வந்தவர் மாதிரி பேசினார். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் கடையில் என் கை பெட்டி மடித்தது, மனசு வீட்டில்தான் கிடந்தது. சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து கதவைத் திறந்தேன். ஜன்னல் வழியாக வெயில் கூடம் வரை விழுந்திருந்தது. நிலைக்கதவில் மோதிரத்தால் தட்டினேன்.

டக். டக்.

"யாரு?" என்றார்.

"நான்தாங்க. தட்டினேனே!"

அவர் எழுந்திருக்கவில்லை.

"நீ அப்பவே தட்டிட்டு வந்து உக்காந்துட்டியே."

அவருடைய வலது கை பக்கத்து நாற்காலியின்மேல் இருந்தது. விரல்கள் எதையோ பொத்திப் பிடித்திருந்தன.

நாற்காலியில் யாரும் இல்லை.

"வாசனை அடிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. துளிகூட இல்ல. அதனாலதான் நீன்னு..."

பாதியில் நிறுத்தினார். மூக்கை என் பக்கம் திருப்பி இழுத்து மோந்தார்.

அப்போதுதான் எனக்கு வாசனை வந்தது.

எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! எத்தனை டாக்டரிடம் போயிருப்பேன்! வந்துவிட்டது. பாகு கருகும் தித்திப்பு, வெனிலா, அடியில் கனத்த புகை. தொண்டை வரை இறங்கியது. எங்கிருந்து வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் கையைத் தூக்கினேன்.

என் மணிக்கட்டு.

"ஏங்க, நான்தாங்க! சத்தியமா நான்தான்!"

"கிட்ட வராத!" அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஆனாலும் அந்தக் கையை மட்டும் விடவில்லை. வெறும் நாற்காலியின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"நீ சொன்ன மாதிரியேதான்டி. குரல்கூட அப்படியே உன் குரல். பயப்படாத, நான் விட மாட்டேன்."

அந்த நாற்காலியின் மரக் கைப்பிடியிலிருந்து பதில் வந்தது.

டக். டக்.