எதிர்ப்பக்கம்

கீரனூர் மர அறுவை மில்லுக்குள் மைக்கேல்சாமி நுழைந்தபோது உச்சி வெயில். உள்ளே மட்டும் இருட்டு. வேப்பந்தூளின் கசப்புக்கு நடுவே எரிந்த மோட்டார் காயிலின் நாற்றம்.

ஒன்பது மாதம் முன்பு இதே மோட்டாருக்குக் காயில் கட்டியவர் அவர்தான். அன்று கரண்ட் இல்லை. ஓட்டிப் பார்க்காமலே திருச்சி பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. அப்படிச் சுற்றினால் வட்ட ரம்பத்தைப் பிடித்திருக்கும் நட்டு தானே கழன்றுகொள்ளும். கழன்றது. ரம்பம் பறந்து, அதை ஓட்டிக்கொண்டிருந்த பிச்சைமுத்துவின் கழுத்தில் பாய்ந்தது.

துக்கம் கேட்க வந்த மைக்கேல்சாமி, யாரும் பார்க்காத நேரத்தில், மோட்டார் சரியான பக்கம் சுற்றும்படி இரண்டு வயர்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார். பிச்சைமுத்து நட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது.

"வாங்க மேஸ்திரி," என்றார் முதலாளி உடையப்பன். "அந்தக் குடிகாரப் பய செத்தும் என்னை விடலை. மோட்டார் மறுபடியும் எரிஞ்சிருச்சு."

தூள் கூட்டிக்கொண்டிருந்த ராசாத்தி நிமிர்ந்தாள். பிச்சைமுத்துவின் மனைவி.

"அவுக குடிச்சதே இல்லைங்க. கை வலிக்க வலிக்க முறுக்குவாக. நீங்க பாத்திருக்கீங்கள்ல, சொல்லுங்கண்ணே."

மைக்கேல்சாமி குனிந்து பையைத் திறந்தார்.

மூன்று நாள் தங்கிப் புதுக் காயில் கட்டினார். வார்னிஷ் காய்ந்ததும் நட்டைத் தன் கையாலேயே முறுக்கி ஓட்டிப் பார்த்தார். சரியான பக்கம்தான் சுற்றியது. ஸ்விட்சை அணைத்தார். ரம்பம் வேகம் குறைந்து நின்றது.

பிறகு எதிர்ப்பக்கம் நகர்ந்தது.

ஃப்யூஸைப் பிடுங்கினார். மோட்டாரையும் ரம்பத்தையும் இணைக்கும் பெல்ட்டைக் கழற்றி எறிந்தார்.

ரம்பம் நிற்கவில்லை.

கிறீச்... கிறீச்... மரை மரையாக நட்டு கழன்றது.

"என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?" ராசாத்தி கிசுகிசுத்தாள். "ரம்பம் சும்மாதானே நிக்குது?"

உடையப்பன் குனிந்து பார்த்தார். நட்டு இல்லை.

"ஏ ராசாத்தி, நட்டைக் கூட்டித் தள்ளிட்டியா? புருஷன் புத்தி ஒனக்கும் வந்திருச்சு. நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

அவள் மைக்கேல்சாமியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

துண்டை எடுக்கப் பைக்குள் கைவிட்டார். விரலில் இரும்பு தட்டியது. அந்த நட்டு. இன்னும் சூடு ஆறவில்லை.

பஸ் வேகமெடுத்தது.

அவர் சீட்டுக்குக் கீழே, சக்கரம் இருக்கும் இடத்தில், மெல்லக் கேட்டது.

கிறீச்... கிறீச்...