படுத்துப் பார்த்த அறை

தரை வெதுவெதுப்பாக இருந்தது. மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். பழைய சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த வாடையும் அப்படித்தான் சொன்னது. ஆனால் வெயில் எட்டாத மூலையில், இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல, ஆள் நீளத்துக்கு ஒரு சூடு.

ஆராய்ச்சி மாணவி வெறுங்காலை அங்கிருந்து எடுக்கவில்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றி வீடு தேடித் தேடி, பயப்படக்கூட அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. விடுதி அறையை இன்று மாலைக்குள் காலி செய்தாக வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு வந்து சேர் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுமா, ஆன்ட்டி?"

விடுதிக்கு வருமுன் இருந்த வீட்டில் மாடிக்காரர்கள் நாற்காலியை இழுத்து இழுத்தே அவள் தூக்கத்தைத் தின்றிருந்தார்கள். அதிலிருந்து, எந்த அறையானாலும் தரையில் படுத்துக் கேட்டுத்தான் முடிவு செய்வாள்.

"குழாயத் திறந்து பாப்பாங்க, சுவத்தத் தட்டிப் பாப்பாங்க. நீ என்னடான்னா சாவி வாங்குறதுக்கு முன்னாடியே குடித்தனம் நடத்துற!" வீட்டுக்காரம்மா சிரித்தாள். "படும்மா, படு. இதோ வரேன்."

படுத்தாள். சூடு முதுகில் பரவியது. மேலே சத்தமே இல்லை. தெருவில் பஸ்ஸின் உறுமல், சைக்கிள் மணி, பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசை எல்லாம், யாரோ கதவுகளைச் சாத்திக்கொண்டே போவதுபோல, ஒவ்வொன்றாக அடங்கின. அப்பாடா, அம்மாவிடம் சொல்லிவிடலாம். போனுக்குக் கை நீட்டினாள். கை எழவில்லை. மரத்துப்போயிருந்தது. கால்களும். கத்தலாமே என்று தோன்றியது. அதுவும் வேறு யாருக்கோ தோன்றியதுபோல இருந்தது.

பையில் போன் அடித்தது.

வாளியோடு உள்ளே வந்த வீட்டுக்காரம்மா எடுத்தாள். "அம்மாங்களா? வீடு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஆமாங்க, இன்னிலேருந்து இங்கதான். கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்."

மாப்பைப் பிழிந்தாள். துடைத்தாள். வாசல். ஜன்னலோரம். மாணவியின் பாதங்கள். வயிறு. எங்கும் தட்டவில்லை. சமதரை. ஈர நூல்கள் அவள் திறந்த கண்களின் மேல் போயின. வந்தன. உறுத்தவில்லை.

வீட்டுக்காரம்மா குனிந்தாள். தரையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மட்டும் போகவில்லை.

"ச்சே."

மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.